கழுவி அனுப்பிய சோளம்

சந்திரமதி முதலில் குழாயைக் கழுவுவார்; பிறகுதான் கையைக் கழுவுவார். ஊரே தொட்டுத் திருகிய குழாயைத் தொட்டுவிட்டு அப்புறம் கையைக் கழுவி என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி. கழுவி முடித்ததும் குழாயை மூட வேண்டுமே, அதற்காக இன்னொரு கை தண்ணீரை அள்ளி அதன் தலையில் ஊற்றுவார். சிம்பாங் ரெங்கம் சோளக் கிடங்கின் பின்புறத்தில் இருப்பது ஒரே ஒரு குழாய். சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னால் வரிசை நீள்வதற்கு இந்த அம்மாள்தான் காரணம். பின்னால் நிற்கிற லோரிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் எதுவும் விழாது.

வாழைப்பழத்தை உரிக்கும் முன் கழுவுவார். கடையில் வாங்கிய முட்டையைக் கழுவுவார். புதுச் செருப்பு வாங்கினால் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே கால் நுழைப்பார். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தே ஓ, அதாவது பாலில்லாத் தேநீர் வாங்கினால், உறிஞ்சு குழாயைத் தன் போத்தல் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் குடிப்பார். ஒருநாள் சோப்புக் கட்டியையே கழுவிக்கொண்டிருந்தார் என்று கிடங்கில் சொல்லிச் சிரிப்பார்கள். அது உண்மைதான். சோப்பில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது, பாவம், அவர் வேறு என்னதான் செய்வார்?

வயது ஐம்பத்தேழு. ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிந்த கொண்டை, அதன்மேல் வலை. கம்பெனி கொடுத்த பச்சைச் சட்டை துவைத்துத் துவைத்து வெளிறிப்போய், இப்போது அது பச்சை என்று அவர் சொன்னால்தான் தெரியும். கிடங்குக்கு அவர்தான் மேற்பார்வை. சுற்றுவட்டாரத்தில் எண்ணெய்க்கான செம்பனையை வெட்டிவிட்டு மக்காச்சோளம் போட்டவர்கள் லோரியில் கொண்டுவந்து கொட்டுவதைக் காயவைத்து, சலித்து, மூட்டை கட்டி, அடுக்கி, கொள்கலனில் ஏற்றுகிற வரை எல்லாம் அவர் கண் முன்னால்தான் நடக்கும். கொள்கலன் கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு மாவுத் தொழிற்சாலைக்குப் போகும். தரையில் பத்து சோளம் சிந்திக் கிடந்தாலும் அன்றைக்குக் கூட்டினவனுக்குத் திட்டு நிச்சயம். "நாளைக்கு உன் வீட்டு சாமி ரூம்புலயும் இப்படித்தான் கூட்டுவியாலா?" என்பார். கெட்ட வார்த்தை பேச மாட்டார். வாயைக் கழுவ வேண்டியிருக்குமே என்றுதான் பேசுவதில்லை என்பார்கள்.

கொள்கலன் புறப்படும் முன் ஒரு சடங்கு உண்டு. குத்தூசி என்று ஒன்று. கூர்முனையுள்ள உள்கூடான இரும்புக் குழல். அதை அங்கொரு மூட்டையிலும் இங்கொரு மூட்டையிலும் குத்தி இழுத்தால் கொஞ்சம் சோளம் அதில் ஏறி வரும். அப்படிச் சேர்த்ததை ஒரு பையில் போட்டு, முத்திரை வைத்து, ஜோகூர் பாருவில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். வண்டு விழாமலிருக்கத் தெளித்த மருந்தில் எவ்வளவு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அங்கே பார்ப்பார்கள். அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால் சரக்கு நகராது. காற்றாட வைத்து, மறுபடி சோதித்து, அளவு இறங்கிய பிறகுதான் அனுப்பலாம்.

இந்தச் சோதனைக்கெல்லாம் பொறுப்பு லோஷினி. படித்துவிட்டு வந்த பெண். மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைகிற ஒரு தாயைத் தவிர அவளுக்கு வேறு யாருமில்லை. அந்த அளவு எத்தனை சிறியது என்று சந்திரமதிக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறாள்.

"ஒரு லோரி நெறைய சோளம் இருக்குல்ல அக்கா, அதுல ஒரு டீஸ்பூன் மருந்துகூட இருக்கக்கூடாது."

"ஒரு ஸ்பூனுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் சந்திரமதி. ஆனாலும் அந்தப் பெண்ணை அவருக்குப் பிடிக்கும். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள் என்பது முதல் காரணம்.

அன்றைக்கு லோஷினி குத்தூசியால் எடுத்த சோளத்தைப் பையில் போட்டு முடிக்கும் நேரத்தில் தாயிடமிருந்து போன் வந்தது. குளுவாங் மருத்துவமனையில் கண்ணுக்கு ஏதோ சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள், பார்வை மங்கிவிட்டது, தனியாக வீடு திரும்ப முடியாது.

"அக்கா, ஓடிப் போய்ட்டு ஓடி வந்துர்றேன். வந்துதான் சீல் வைக்கணும். அதுவரைக்கும் பை உங்ககிட்டயே இருக்கட்டும், யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

யாரும் தொடவில்லை. சந்திரமதி மட்டும் தொட்டார். பையின் வாயைத் திறந்து பார்த்தவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. மஞ்சள் தூசி, சோள நார், உடைந்த குருணை, நடுவில் காலை மடக்கிச் செத்துக் கிடக்கும் ஒரு வண்டு. இதையா ஜோகூர் பாருவுக்கு அனுப்புவது? அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பிரிப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்களே. இந்தக் கிடங்கில் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று கேட்பார்களே.

சோளத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். குழாயைக் கழுவினார். பிறகு அரிசி களைவது போல மூன்று தண்ணீர் விட்டுச் சோளத்தைக் கழுவினார். வண்டையும் உடைசலையும் பொறுக்கிப் போட்டார். துவைத்த துணியில் பரப்பி, உலர்த்தும் எந்திரத்தின் வெக்கைப் பக்கம் வைத்து, பிற்பகல் முழுக்கப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். மறுபடி பையில் போட்டபோது ஒவ்வொரு மணியும் பளபளத்தது. அவருக்கே திருப்தியாக இருந்தது.

கழுவினால் மருந்து போய்விடுமே என்று தோன்றவில்லையா என்று கேட்கலாம். எல்லாரும் பின்னால் கேட்டார்கள். மருந்து என்றால் அது உள்ளே போய்க் கலந்துவிடும், நாம் விழுங்குகிற மாத்திரை ரத்தத்தில் கலப்பதைப் போல, என்றுதான் அவர் நினைத்திருந்தார். தேடுகிறவர்கள் உள்ளே தேடிக்கொள்வார்கள். வெளியே இருக்கும் அழுக்கை நாம் எடுத்துவிட்டால் அவர்களுக்கும் வேலை சுலபம். ஆயுள் முழுக்க எதையெதையோ கழுவியவருக்குக் கழுவினால் என்னென்ன போகும் என்பது தெரியாமலிருந்தது.

சாயங்காலம்தான் லோஷினி மூச்சிரைக்க ஓடிவந்து, பையைத் திறக்காமலே முத்திரை வைத்துக் கொடுத்தனுப்பினாள். சந்திரமதி ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைக் கூட்டியதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

ஜோகூர் பாருவில் சோளம் சுத்தம் என்று வந்தது. கொள்கலன் பாலம் தாண்டியது. சிங்கப்பூர்க்காரர்கள் தங்கள் பக்கம் ஒருமுறை சோதித்தார்கள். மருந்து அளவுக்கு மேலே பல மடங்கு. அந்த முறை வண்டு அதிகம் என்று தெளிப்புக்காரர்கள் கைதாராளமாக அடித்திருந்தார்கள். அது தவறுதான், ஆனால் பிடிபட்டிருக்க வேண்டிய தவறு. சரக்கு அங்கேயே நின்றது. வாங்குகிறவர்கள் கேட்டது இதுதான்: ஒரே குவியலில் எடுத்த சோளம் இரண்டு விதமாக எப்படி இருக்கும்? சோதனைக்கு வேறு நல்ல சோளத்தை வைத்து அனுப்பியது யார்?

முதலாளி சுகுமாறன் லோஷினியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் ஒரே பதிலைச் சொன்னாள். "நான்தான் எடுத்தேன், நான்தான் சீல் வச்சேன், பாஸ். பை என் பொறுப்புலதான் இருந்துச்சு." விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். இந்த மாதிரிப் பழியோடு போகிற பெண்ணை இன்னொரு கம்பெனி வாசலில்கூட நிற்க விடாது என்பது கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். அவள் யாரிடமோ காசுக்குக் கைநீட்டிவிட்டாள் என்று அதற்குள் பேச்சும் கிளம்பியிருந்தது.

மறுநாள் காலைப் பசியாறுகிற நேரத்தில் சுகுமாறன் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். கோபத்தில் இருந்தார்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மருந்து சோளத்து மேலதான் ஒட்டியிருக்கும். மூட்டையில இருக்குது, சாம்பிள்ல மட்டும் இல்லன்னா எப்படி? யாராச்சும் ஒக்காந்து சாம்பிளக் கழுவியிருக்கணும். எந்தக் கூறு கெட்டவனாச்சும் சாம்பிளப் போயிக் கழுவுவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரமதியும் சிரித்தார்.

சிரித்த வாய் மூடுவதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டார். எழுந்து குழாயடிக்குப் போனவர் ஏன் வந்தோம் என்று தெரியாமல் நின்றார். அப்போதே திரும்பிப் போய், கழுவினது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கூட்டம் இன்னும் கலையவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. வேலை போவதைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் அஞ்சினார். பணமோ படிப்போ இல்லாத வாழ்க்கையில் அவரைத் தலைநிமிர வைத்தது ஒன்றுதான்: சந்திரமதி சுத்தக்காரி. அதைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் கேலிக்கு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார்.

வார இறுதியில் குளுவாங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பெண், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்க கம்பெனியில ஒரு பொண்ணு, தோட்டக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டுச் சோளத்த மாத்திட்டாளாமே, நெசமா அக்கா?"

"யாருக்குத் தெரியும்லா" என்றார் சந்திரமதி.

சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டவள், கம்பெனி ஆளே இப்படிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது போலத் தலையாட்டினாள். இனி அவள் மூலம் அந்தப் பேச்சு எத்தனை மேசைக்குப் போகுமோ.

கை கழுவுகிற இடத்தில் ஒரு குரல் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லோஷினியின் தாய் யோகேஸ்வரி. கல்யாண வீட்டில் அவரோடு யாரும் உட்காரவில்லை என்பதை அப்போதுதான் சந்திரமதி கவனித்தார்.

"லோஷினி ரூம்ப விட்டு வெளியவே வரமாட்டேங்குறாக்கா. சாப்பாடும் சரியா இல்ல."

"ம்."

"பை கொஞ்ச நேரம் உங்ககிட்ட இருந்துச்சாமே? அத ஏன்டி சொல்லலன்னு கேட்டேன். அக்காவப் போயி நோண்டுவாங்கம்மா, இந்த வயசுல அவங்களுக்கு என்னாத்துக்கும்மா அசிங்கம்னு சொல்றா." யோகேஸ்வரி மங்கலான பார்வையில் தடவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல அவளுக்கு அம்புட்டு மரியாதை."

ஈரக் கையை அந்தப் பிடியிலிருந்து இழுத்துக்கொள்ளவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் நின்றார் சந்திரமதி. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மொய் எழுதினாரா, யாரிடமாவது சொல்லிக்கொண்டு கிளம்பினாரா என்பதே பிறகு அவருக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை சுகுமாறன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை, வெளியே கணக்கெழுதும் கிராணிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ், நான் கழுவிட்டேன்."

"எத?"

"சோளத்த. சாம்பிள் சோளத்த. மூணு தண்ணி விட்டு."

சுகுமாறன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் புரியாமல் பார்த்தார்; பிறகு புரிந்து, நம்பாமல் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை; பல நாள் தூக்கமில்லாதவர். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயையோ அலமாக், எதுக்குக்கா?"

"அழுக்கா இருந்துச்சு, பாஸ்."

வெளியே கிராணிகளும் சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து அடுத்த அறைக்குச் சொல்ல ஓடினாள். சந்திரமதி அசையாமல் நின்றார்.

"சிரிச்சு முடிச்சிட்டு அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க, பாஸ். நான் இங்கதான் நிப்பேன்."

அவர் முன்னாலேயே போன் போடப்பட்டது.

சிங்கப்பூர்க்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பவில்லை. கழுவினேன் என்று யாரும் சொல்லலாமே. நின்றுபோன மூட்டைகளிலிருந்தே சோளம் எடுத்து அனுப்புகிறோம், அந்த அம்மாளே முன்பு செய்தபடி கழுவட்டும், சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். ஆள் வந்தது, கேமராவும் வந்தது. கிடங்கே குழாயடியைச் சுற்றி நிற்க, சந்திரமதி சட்டியோடு குந்தினார். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குக் கழுவக் கூசியது. யாரோ ஒருவன் "நல்லாத் தேய்ங்கக்கா" என்றான். அவர் நல்லாத்தான் தேய்த்தார். லோஷினியின் பிழைப்பு அந்தச் சட்டியில் இருந்தது.

கழுவிய சோளம் முன்பு வந்தது போலவே சுத்தம் என்று வந்தது. பழி நீங்கியது. சந்திரமதிக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. லோரிக்காரர்கள் வந்து இறங்கியதுமே, "அக்கா, லோரியவும் ஒருவாட்டி கழுவி விடுங்கலா" என்கிறார்கள். முன்பானால் பதில் சுடச்சுட வரும். இப்போது "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மூட்டையை எண்ணப் போய்விடுகிறார்.

கேலியைத் தாங்கிக்கொள்கிறார். கழுவியது தெரியாமல் செய்தது. அதைச் சொல்லியும் ஆகிவிட்டது. ஆனால் பந்தியில் யாருக்குத் தெரியும் என்று சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அதை லோஷினியிடம் சொன்னால் அவள், விடுங்கக்கா என்று சொல்லிவிடுவாள். அப்படி அவள் எளிதாக மன்னித்துவிடுவதைக் கேட்கும் தைரியம் சந்திரமதியிடம் இல்லை. லோஷினி திரும்பி வந்த அன்று, "நீங்க சொல்லலைன்னா நான் அவ்ளோதான்க்கா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். அணைத்த கைகளுக்குள் மரக்கட்டை போல நின்றார்.

இப்போது சோதனைக்குச் சோளம் எடுக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். எடுத்த இடத்திலேயே முத்திரை வைக்க வேண்டும். போன வாரம் புதுக் குவியலில் முதல் குத்து. லோஷினி மூட்டையில் குத்தூசியை இறக்கி இழுத்தாள். தூசியும் நாருமாகச் சோளம் ஏறி வந்தது. ஒரு கையில் குத்தூசி, மறு கையில் பை; பையின் வாய் மடங்கி மடங்கி விழுந்தது. சுற்றிலும் ஆள்கள் நின்றார்கள். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அவள் கிடங்கின் அந்தக் கோடிவரை தேடிப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்.

"சந்திரமதி அக்கா, நீங்க வந்து பையப் பிடிங்க. நீங்க பிடிச்சாதான் எனக்கு நம்பிக்கை."

சந்திரமதி நாலடி நடந்து வந்தார். மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார். லோஷினி சிரித்த முகத்தோடு பையை அவர் பக்கம் நீட்டினாள். பந்தியில் சொன்னதுதான் அவர் காதில் கேட்டது; அந்த முகத்தைப் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.